நகர் எனப்படுவது யாது?

மாடமும் கடைவீதியும் மாத்திரம் ஓரூரை நகராக்கிவிடா. 1884இல் புகையிரதம் அட்டனை அடைந்தது. நிலையத்தைச் சூழ்ந்து கடைகள் எழுந்தன. தோட்டத் தொழிலாளரின் கூலிப்பணம் அவற்றை வாழ்வித்தது. பாதை, விளக்கு முதலியவற்றைக் கேட்டுப் பெற அவ்வூருக்கு நகரசபையும் வாய்த்தது.

அயலிலுள்ள லயங்களிலும் மக்கள் நெருங்கியே வாழ்ந்தனர். எனினும் அவை நகராகவில்லை. என்னை? மனையும் வழியும் தோட்டத்துக்கே உரியன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்கும் குடியுரிமைக்கு வழிவகுத்தது. ஆயினும் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களிற் சபைப்பணம் செலவிடத் தடையாய் நின்றது; 2018ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை நீக்கிற்று.

ஆதலின், வாழும் நிலத்தின் ஆட்சியிற் பங்குடையோர் கூடியிருக்குமிடமே நகர்.