கித்தாருக்குள் புகுந்த பேட்டரி

நரம்புக் கருவிகள் அனைத்திற்கும் பிறவிக் குறை ஒன்று உண்டு. மெல்லிய நரம்பு எத்துணை வேகமாக அதிர்ந்தாலும் அது அசைக்கும் காற்று மிகச் சிறிது. அக்குறையை நீக்கவே யாழுக்குப் பத்தர் அமைத்தனர். வீணைக்குக் குடம் அமைத்தனர். கித்தாருக்கு அகன்ற மரப்பேழை அமைத்தனர். ஆயினும் 1920களில் அமெரிக்க நடனக் கூடங்களில் முரசும் ஊதுகருவிகளும் முழங்கியபோது, மரப்பேழை மட்டும் கித்தாரைக் காக்கவில்லை. பக்கத்தில் அமர்ந்திருப்பவனுக்கே கேளாத கருவியாய் அது நின்றது. மின்சாரத்தின் துணையை இசைவாணர் நாடியதற்கு இதுவே காரணம்.

இன்று மின்சாரக் கித்தார் வாங்கப் போகும் இளைஞன் கடையில் முதலில் எதிர்ப்படும் வினா, ‘பாசிவ் பிக்கப்பா, ஆக்டிவ் பிக்கப்பா?’ என்பது. முன்னது பேட்டரி வேண்டாதது. பின்னது பேட்டரி வேண்டுவது. பேட்டரி உடையது புதியது, ஆகவே உயர்ந்தது என்பார் ஒரு சாரார். பேட்டரி புகுந்ததும் நாதத்தின் உயிர் போயிற்று என்பார் மற்றொரு சாரார். இரண்டும் வரலாற்றோடு ஒட்டாத கூற்றுக்கள்.

மின்சாரக் கித்தாரின் தொடக்கம் ஹவாய்த் தீவுகளின் இசையோடு பிணைந்தது. மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய்க் கித்தாரில் வல்லவரான ஜார்ஜ் போஷாம் என்பவர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1931ஆம் ஆண்டில் ஒரு பிக்கப்பை உருவாக்கினார். குதிரை லாட வடிவில் வளைந்த இரு காந்தங்கள். அவற்றின் நடுவே நுண்ணிய செம்புக் கம்பிச் சுருள். உருக்குத் தந்தி காந்தப் புலத்தில் அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். 1831இல் மைக்கேல் பாரடே கண்ட விதி, சரியாக நூறாண்டு கழித்து இசைக்கு வந்து சேர்ந்தது. அடால்ப் ரிக்கன்பாக்கருடன் கூடி 1932 முதல் விற்பனைக்கு வந்த அக்கருவி, வட்ட உடலும் நீண்ட கழுத்துமாய் இருந்தமையால் ‘வறுவல் சட்டி’ என்றே பெயர் பெற்றது. 1934இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது. அதற்குள் பிறர் பலர் அதே வழியில் கருவி செய்யத் தொடங்கிவிட்டனர்.

இந்தப் பிக்கப் தனக்கென மின்சாரம் கேட்பதில்லை; தந்தியின் அசைவே அதற்கு உணவு. இதுவே பாசிவ் வகை. ஆனால் அதில் பிறக்கும் மின்னோட்டம் மிகவும் நலிந்தது. அதனை வலுப்படுத்தச் சுருளின் சுற்றுக்களைப் பெருக்கினர். 1954இல் வெளிவந்த பெண்டர் ஸ்டிராட்டோகாஸ்டர் கித்தாரின் ஒவ்வொரு பிக்கப்பிலும் தலைமயிரினும் மெல்லிய கம்பி ஏறத்தாழ 8,000 சுற்றுக்கள் சுற்றப்பட்டிருந்தது. சுற்றுப் பெருகப் பெருக ஒலி வலுத்தது. அதனுடன் இரண்டு தொல்லைகளும் வளர்ந்தன.

முதல் தொல்லை இரைச்சல். கம்பிச் சுருள் தந்தியின் அசைவை மட்டும் கேட்பதில்லை. அறையில் ஓடும் மின்கம்பிகளையும் விளக்குகளையும் சேர்த்தே கேட்கிறது. அமெரிக்காவில் வினாடிக்கு 60 முறையும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 50 முறையும் முன்பின் அலைந்து மீளும் மின்சாரம், வண்டின் ரீங்காரம்போல ஒலிபெருக்கியில் வந்து விழும். கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் 1955இல் இதற்கு ஒரு மாற்றுக் கண்டு காப்புரிமை கோரினார். இரு சுருள்களை எதிரெதிர் முறையில் இணைத்து, அவற்றின் காந்த முனைகளையும் எதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிர்ப்பட்டு அழியும்; தந்தியின் ஒலி இரண்டிலும் கூடி வலுக்கும். ‘ஹம்பக்கர்’ எனப்படும் இவ்வமைப்புக்கு 1959இல் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் இரு சுருள்கள் தந்தியை இரண்டு இடங்களில் கேட்பதால் உச்ச நாதங்கள் சில மங்கின. ஒன்றைப் பெற ஒன்றை இழக்க நேர்ந்தது.

இரண்டாம் தொல்லையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் இவ்வரலாற்றின் திருப்பமே அதில்தான் உள்ளது. பல்லாயிரம் சுற்றுடைய சுருளுக்கு மின்மறுப்பு மிகுதி. அதனிடமிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பி ஐந்தாறு மீட்டர் நீண்டால், வழியிலேயே உச்ச நாதங்கள் தேய்ந்துபோகும். ஒலியைக் குறைக்கும் திருகைத் திருப்பினாலும் அவை தேயும். ஆகவே பாசிவ் கித்தாரின் நாதம் கித்தாருக்குள் முடிவதில்லை. கம்பியின் நீளமும் ஒலிபெருக்கியின் தன்மையும் அதில் பங்கு கொள்கின்றன. சுருளும் கம்பியும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட பகுதியை, பெரும்பாலும் வினாடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வுகள் வரை உள்ள பகுதியை, எடுத்துக் காட்டுகின்றன. மனிதச் செவி கூர்மையாய்க் கேட்பதும் அப்பகுதியையே. மேதைகள் திட்டமிட்டு அமைத்ததன்று இது, தற்செயலாய் விளைந்தது. ஆனால் இரண்டு தலைமுறை இசைவாணர் அதனையே கித்தாரின் குரல் என்று கற்றுக்கொண்டனர்.

இக்குறையை முற்றும் உணர்ந்தவர் லெஸ் பால். கித்தார்க் கலைஞராகவும் ஒலிப்பதிவு வல்லுநராகவும் விளங்கிய அவர், பதிவு நிலையங்களில் பயன்பட்ட குறைந்த மின்மறுப்பு முறையே சிறந்தது என்று வாதிட்டார். சுற்றுக்களைக் குறைத்தால் இரைச்சல் குறையும். நீண்ட கம்பியும் நாதத்தைத் தின்னாது. கிப்சன் நிறுவனம் 1969இலும் 1971இலும் அவர் விரும்பியவண்ணம் கித்தார்களை வெளியிட்டது. அறிவியல் நோக்கில் அவற்றில் பிழையில்லை. சந்தையிலோ அவை தோற்றன. இசைவாணரிடம் இருந்த ஒலிபெருக்கிகள் வேறு முறைக்கு ஏற்றவை. இடையில் மின்மாற்றி ஒன்று வேண்டியிருந்தது. அதனினும் பெரிய காரணம் செவியின் பழக்கம். 1966இல் எரிக் கிளாப்டன், ஜான் மேயாலுடன் செய்த இசைத்தட்டில், பழைய லெஸ் பால் கித்தாரை வால்வு ஒலிபெருக்கியில் உரக்க முழக்கி நாதத்தை முரடாக்கியிருந்தார். இளைஞர் தேடியது அந்த முரட்டு நாதம். லெஸ் பால் தெளிந்த நீரைக் கொடுத்தார். அவர்கள் புதுவெள்ளத்தை விரும்பினார்கள்.

இதற்கிடையே கலிபோர்னியாவில் அலெம்பிக் நிறுவனத்தாரான ரான் விக்கர்ஷாம் முதலியோர், கிரேட்புல் டெட் போன்ற குழுவினருக்காகக் கருவிக்குள்ளேயே சிறு மின்பெருக்கியைப் பொருத்தினர். லியோ பெண்டர் பங்குகொண்ட மியூசிக் மேன் நிறுவனம் 1976இல் வெளியிட்ட ஸ்டிங்ரே பேஸ் கித்தாரிலும் பேட்டரி இருந்தது. ஆனால் அதன் சுருள் பாசிவ் சுருளே. நாதத்தைத் திருத்தும் சுற்று மட்டுமே பேட்டரியால் இயங்கியது. ஆக்டிவ் கருவி என்பதும் ஆக்டிவ் பிக்கப் என்பதும் ஒன்றல்ல என்பதை விற்போரே சில வேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

அதே 1976ஆம் ஆண்டில் ராப் டர்னர் என்பவர் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் தொடங்கிய தொழில், பின்னர் ஈ.எம்.ஜி. என்று பெயர் பெற்றது. லெஸ் பால் தடுமாறிய இடத்தை அவர் கடந்தார். சுற்றுக்கள் குறைந்த சுருளையும் நுண்ணிய மின்பெருக்கியையும் ஒரே கூட்டுக்குள் வைத்துப் பிசினால் மூடிவிட்டார். ஒன்பது வோல்ட்டு பேட்டரி அதனை இயக்கும். மின்மாற்றியும் வேண்டாம், எந்த ஒலிபெருக்கியிலும் நேரே இணைக்கலாம். 1980களில் மெட்டாலிகா போன்ற குழுவினர் நாதத்தைப் பன்மடங்கு பெருக்கி முரடாக்கியபோது, பாசிவ் பிக்கப்பின் சிற்றிரைச்சலும் உடன் பெருகிப் பேரிரைச்சலாயிற்று. இரைச்சலற்ற ஆக்டிவ் பிக்கப் அங்கே தன் தேவையைக் கண்டது. தெளிவுக்காகப் பிறந்த கருவி, முழக்கத்திற்குப் பணி செய்யப் புகுந்தது!

ஆகவே எது உயர்ந்தது என்பதினும், எதற்கு வேண்டும் என்பதே கேட்கத் தக்கது. விரலின் அழுத்தத்திற்கும் ஒலிக்குறைப்புத் திருகின் சிறு அசைவிற்கும் நாதம் நெகிழ்ந்து மாற வேண்டும் என்போர் இன்றும் பாசிவ் வகையையே நாடுகின்றனர். நீண்ட கம்பி, மின்விளக்குகள் நிறைந்த மேடை, மிகுந்த முழக்கம் ஆகிய இடங்களில் ஆக்டிவ் வகை துணை செய்கிறது. இணைப்புக் கம்பியைச் செருகியபடியே விட்டுவிட்டால் பேட்டரி வீணாகித் தீரும்; தீரும் தறுவாயில் நாதம் கரகரத்து ஒடுங்கும். பாசிவ் வகைக்கு அந்தக் கவலை இல்லை. 2014இல் பிஷ்மன் நிறுவனம் வெளியிட்ட புளூயன்ஸ் பிக்கப்பிலோ கம்பியே சுற்றப்படவில்லை. அட்டையில் அச்சிட்ட சுருள்களை அடுக்கி, ஒரே பிக்கப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட குரல்கள் வரச் செய்தனர். அவற்றுள் பழைய பாசிவ் நாதத்தைப் போன்ற குரலும் ஒன்று.

லெஸ் பால் தம் கொள்கையைக் கைவிடவில்லை. 2009இல் தொண்ணூற்று நான்காம் வயதில் மறையும் வரை, நியூயார்க் நகர இசை விடுதியில் திங்கட்கிழமை தோறும், உலகம் வாங்க மறுத்த அந்தக் குறைந்த மின்மறுப்புக் கித்தாரையே அவர் வாசித்து வந்தார்.