அணியும் சமயமும்: பம்பாய், கல்கத்தா, சென்னை சொல்லும் பாடம்

உளுந்து எடுத்து முடிந்ததும் நம் தஞ்சை வட்டாரத்து வயல்கள் பிள்ளைகளின் கைக்கு வந்துவிடும். இருபுறமும் மூங்கில் நட்டுக் கோல் கம்பம் ஆக்கிவிடுவார்கள். ஜூன் 12-ஆம் நாள் மேட்டூரில் திறக்கப்படும் நீர் வாய்க்காலுக்கு வந்து சேரும் வரையில் அந்த வயலே மைதானம். அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கும் ஆட்டம் மஃரிப் பாங்கு கேட்டதும் நிற்கும். இது நாம் சிறுவயது முதல் கண்டுவரும் காட்சி.

சென்ற கோடையில், முன்பு நம்மிடம் ஓதிய இளைஞர்கள் சிலர் மதரஸாவுக்கு வந்தனர். பக்கத்து ஊரில் நடக்கவிருந்த எழுவர் கால்பந்துத் தொடருக்கு அவர்கள் அணி அமைத்துக்கொண்டிருந்தார்கள். "ஹஜ்ரத், இந்தத் தடவை நம்ம பிள்ளைங்களை மட்டும் வச்சு, நம்ம சமுதாயத்துப் பேருல ஆடலாம்னு இருக்கோம். துஆ செய்யுங்க" என்றனர். அவர்களுடைய கோல் காப்பாளன் ஐந்தாண்டுகளாக அவர்களோடு ஆடிவருபவன். அடுத்த தெருவைச் சேர்ந்த விவசாயத் தொழிலாளியின் மகன்; இந்துப் பிள்ளை. "அவன் என்ன ஆவான்?" என்று கேட்டோம். யாரும் வாய் திறக்கவில்லை. சற்று நேரம் கழித்து ஒருவன், "கல்கத்தாவுல முஹமதன் ஸ்போர்ட்டிங் இல்லையா ஹஜ்ரத்? அது மாதிரிதான்" என்றான்.

அவன் காட்டிய முன்மாதிரி உண்மையானது. ஆகவே ஒற்றைச் சொல்லில் மறுத்து அனுப்ப நமக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த ஒரு வாரத்தில் வாசித்தும் சிந்தித்தும் அவர்களிடம் எடுத்துச் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் பம்பாயைப் பார்ப்போம். சமயத்தின் பெயரால் அணி பிரித்து ஆடும் வழக்கம் இந்தியக் கிரிக்கெட்டில் வேரூன்றிய இடம் அதுவே. 1892-இல் ஐரோப்பியருக்கும் பார்சிகளுக்கும் இடையே பிரசிடென்சி ஆட்டம் தொடங்கியது. 1907-இல் இந்துக்கள் அணி சேர்ந்து அது முத்தரப்புப் போட்டி ஆனது. 1912-இல் முஸ்லிம்கள் அணி சேர நாற்தரப்பாயிற்று. 1937-இல் இந்தியக் கிறித்தவர் முதலானோரைக் கொண்ட 'எஞ்சியோர்' அணியும் சேர்ந்து ஐந்தரப்பாயிற்று. இந்தப் போட்டியைக் காணத் திரண்டது போன்ற கூட்டம் அக்காலத்தில் வேறு எந்த உள்நாட்டுப் போட்டிக்கும் திரண்டதில்லை.

அதில் சிறந்த ஆட்டங்கள் நடந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1943-இல் இந்துக்கள் அணிக்கு எதிராக எஞ்சியோர் அணி எடுத்த 387 ஓட்டங்களில் விஜய் ஹசாரே ஒருவர் மட்டுமே 309 எடுத்தார். மறு ஆண்டு இறுதி ஆட்டத்தில் முஷ்தாக் அலி தலைமையிலான முஸ்லிம்கள் அணி, விஜய் மெர்ச்சண்ட் தலைமையிலான இந்துக்கள் அணியை ஒரே ஒரு விக்கெட் எஞ்சியிருக்க வென்றது.

இந்த இரு தலைவர்களையும் பற்றி நாம் இளைஞர்களுக்குச் சொன்ன செய்தி ஒன்று உண்டு. அதற்கு எட்டாண்டுகள் முன்பு, 1936-இல், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் இந்தியாவின் தொடக்க ஆட்டக்காரர்களாகக் களமிறங்கியவர்கள் இதே மெர்ச்சண்டும் இதே முஷ்தாக் அலியும்தான். இருவரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் குவித்தனர். முஷ்தாக் அலி 112, மெர்ச்சண்ட் 114. அந்நிய மண்ணில் இந்தியர் ஒருவர் அடித்த முதல் டெஸ்ட் சதம் முஷ்தாக் அலியுடையது. மான்செஸ்டரில் ஒரே பக்கம் நின்ற இருவர் பம்பாயில் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. அவர்களின் நட்பு இதனால் கெடவில்லை. ஆனால் அரங்கத்தில் அமர்ந்திருந்த பல்லாயிரவரில் எத்தனை பேர் அந்நட்பை எண்ணிப் பார்த்திருப்பர்?

1940 டிசம்பரில் இப்போட்டி பற்றிக் காந்தியடிகளிடம் கருத்துக் கேட்டனர். கல்லூரிகளுக்கும் நிறுவனங்களுக்கும் இடையே ஆட்டம் நடப்பதைத் தம்மால் புரிந்துகொள்ள முடிகிறது என்றும், சமயவாரியாக அணி பிரிப்பதன் காரணம் தமக்கு விளங்கியதே இல்லை என்றும் அவர் கூறினார். அதன் பிறகும் சில ஆண்டுகள் போட்டி நடந்தது. நாட்டில் வகுப்புப் பகை முற்றிய 1946-ஆம் ஆண்டோடு அது நின்றே போயிற்று. பகையை அந்தப் போட்டி உண்டாக்கியது என்று நாம் சொல்லவில்லை. பகை வந்தபோது, ஏற்கெனவே பிரிந்து அமர்ந்து பழகிய கூட்டம் ஒன்று ஆயத்தமாக இருந்தது என்பதே நம் கவலை.

இனிச் சென்னை. இங்கும் ஒரு பிரசிடென்சி ஆட்டம் இருந்தது. இந்தியருக்கு வெள்ளையர் மன்றத்தில் இடமில்லாத காலத்தில், 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தோற்றுவித்த புச்சிபாபு நாயுடுவின் எண்ணத்தில் உதித்தது அது. அவர் 1908-இல் மறைந்த பிறகு, 1915 முதல் 1952 வரை பெரும்பாலும் பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. பம்பாய் ஆட்டத்துக்கும் இதற்கும் ஒரு பெரும் வேறுபாடு: இங்கே ஒருபுறம் ஐரோப்பியர், மறுபுறம் இந்தியர். இந்தியர் அணி சமயத்தால் கூறுபோடப்படவில்லை. 1934 நவம்பரில் அதே சேப்பாக்கத்தில் மைசூரை எதிர்த்துச் சென்னை ஆடிய முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. அதில் 11 விக்கெட்டுகளை வீழ்த்திச் சென்னையை வெல்லச் செய்தவர் ஏ.ஜி. ராம்சிங் என்னும் சீக்கியர். சென்னை மக்கள் அவரைத் தம்மவராகவே கொண்டாடினர். ஊரின் பெயரால் அமையும் அணி இப்படித்தான் வெளியாரையும் உள்ளே அழைத்துக்கொள்ளும்.

இப்போது அந்த இளைஞன் சொன்ன கல்கத்தாவுக்கு வருவோம். முஹமதன் ஸ்போர்ட்டிங் 1891-இல் தோன்றிய மன்றம். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அதுவரை எந்த இந்திய மன்றமும் அப்பட்டத்தைப் பெற்றதில்லை. 1940-இல் டெல்லியில் ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்றைத் தோற்கடித்து டூரண்ட் கோப்பையையும் கைப்பற்றியது. இராணுவ அணிகளே ஆண்டுவந்த அக்கோப்பையை இந்திய மன்றம் ஒன்று வென்றதும் அதுவே முதன்முறை. அம்மன்றத்தின் ஆட்டக்காரர் முஹம்மது சலீம், 1936-இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காகக் காலில் துணிக்கட்டு மட்டுமே சுற்றிக்கொண்டு ஆடி, அங்குள்ளோரை வியக்க வைத்தார்.

கல்வியிலும் வேலையிலும் பின்தங்கி, சிறுமைப்பட்டிருந்த வங்காள முஸ்லிம்களுக்கு அந்த வெற்றிகள் தலை நிமிரும் துணிவைத் தந்தன. அந்த மகிழ்ச்சியை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அந்த வெற்றி எவ்வாறு வந்தது? மன்றத்தின் பெயரால் மட்டும் வரவில்லை. பெங்களூர் போன்ற தொலைவூர்களிலும் தேடித் திறமையாளரைத் திரட்டினார்கள். பிற இந்திய அணிகள் வெறுங்காலோடு ஆடியபோது, மழையில் நனைந்த தரைக்குப் பூட்ஸ் அணிந்து ஆடப் பழகினார்கள். பயிற்சியும் ஒழுங்கும் முன்யோசனையும் தந்த வெற்றி அது. 1939-இல் பட்டம் மோகன் பகானிடம் சென்றது. காலப்போக்கில் அம்மன்றமே எல்லாச் சமயத்து வீரர்களையும் சேர்த்துக்கொண்டது. 2023-24 பருவத்தில் ஐ-லீக் பட்டம் வென்று இந்தியன் சூப்பர் லீக்கில் நுழைந்த அதன் அணியில் பல சமயத்தாரும் ஆடினர். அதாவது, நம் இளைஞர் முன்மாதிரியாகக் காட்டிய மன்றமே அவர்கள் போக விரும்பிய பாதையை விட்டு எப்போதோ விலகிவிட்டது.

கல்லூரிகளின் வரலாறும் இதையே சொல்கிறது. முஸ்லிம்களின் கல்விக்கென சர் சையது அகமது கான் நிறுவிய அலிகர் கல்லூரியில் கிரிக்கெட் மன்றத்தைத் தொடங்கி வைத்தவர் ராமசங்கர் மிஸ்ரா என்னும் கணிதப் பேராசிரியர். பின்னாளில் கிலாபத் இயக்கத்தின் தலைவராக விளங்கிய மௌலானா ஷௌகத் அலி, மாணவப் பருவத்தில் அக்கல்லூரியின் கிரிக்கெட் அணிக்குத் தலைவராக இருந்தவர். நம் பகுதியிலும் 1951-இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும், 1955-இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியும் நம் முன்னோரின் பொருளாலும் உழைப்பாலும் எழுந்தன. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே பயில்கின்றனர். கல்லூரிச் சட்டையை அணிந்து களமிறங்குபவன் எந்தப் பிள்ளையானாலும் அவன் அந்தக் கல்லூரியின் பிள்ளைதான்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? விளையாட்டை அது வெறுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், ருகானா என்ற மல்லரோடு மல்யுத்தம் செய்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ளன.

அஸ்லம் குலத்தார் இரு அணியாகப் பிரிந்து அம்பெய்துகொண்டிருந்த நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. நபியவர்கள் அவர்களை ஊக்கப்படுத்தி, ஓர் அணியின் பக்கம் தாம் இருப்பதாகச் சொன்னார்கள். உடனே மற்ற அணியினர் கையை நிறுத்திக்கொண்டனர். ஏன் எய்யவில்லை என்று கேட்டபோது, தாங்கள் அந்தப் பக்கம் இருக்கையில் நாங்கள் எவ்வாறு எய்வது என்றனர். அதற்கு நபியவர்கள், தாம் இரு அணியாருடனும் இருப்பதாகக் கூறி ஆட்டத்தைத் தொடரச் செய்தார்கள். அணி பிரிவதை அவர்கள் தடுக்கவில்லை. ஆனால் ஓர் அணியின் மனம் சோர்ந்ததைக் கண்டதும், தம் சார்பை விரித்து இரு அணியையும் அதனுள் கொண்டுவந்தார்கள்.

இன்னொரு நிகழ்ச்சி. பயணம் ஒன்றில் முஹாஜிர் ஒருவர் அன்சாரி ஒருவரை அடித்துவிட, அவர் அன்சாரிகளைக் கூவி அழைத்தார். இவர் முஹாஜிர்களைக் கூவி அழைத்தார். அதனை அறியாமைக் காலத்து அழைப்பு என்று நபியவர்கள் கண்டித்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, முஹாஜிர், அன்சாரி என்பவை இழிவான பெயர்கள் அல்ல. அல்லாஹ் குர்ஆனில் சிறப்பித்துக் கூறிய பெயர்கள். அத்தகைய பெயர்களே கூட்டம் பிரித்துச் சண்டையிடப் பயன்பட்டபோது கண்டனத்துக்கு உள்ளாயின என்றால், நம் தெருப் பெயரும் அணிப் பெயரும் எம்மாத்திரம்?

நபியவர்கள் பிறப்பதற்குச் சுமார் 40 ஆண்டுகள் முன்பு, 532-இல், கான்ஸ்டான்டிநோபிள் நகரில் தேர்ப்பந்தய இரசிகர்களான நீலக் கட்சியாரும் பச்சைக் கட்சியாரும் மூட்டிய கலகம் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. அவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தவர். அவர்களைப் பிரித்து வைத்தது சட்டையின் நிறம். வெறி கொள்ள மனிதனுக்குச் சிறிய காரணமே போதும். அப்படியிருக்க, சமயம் என்ற பெரிய காரணத்தை நாமே எடுத்துக் கையில் கொடுக்கலாமா?

இவற்றையெல்லாம் சொல்லி முடித்ததும் இளைஞர்கள் நம்மோடு வாதிட்டனர். மற்றவர்கள் சாதிப் பெயரில் அணி வைக்கவில்லையா என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. வைக்கிறார்கள், அதனால் நம் கிராமங்களில் கபடிக் களங்கள் கைகலப்பில் முடிந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம், அதையா நாம் பின்பற்றுவது என்று கேட்டோம். அவன் சமாதானம் அடையவில்லை, அணியிலிருந்தும் விலகிக்கொண்டான். அது நமக்கு இன்றும் வருத்தமே. மற்றவர்கள் ஊரின் பெயரில் அணியைப் பதிந்தனர்.

தொடரில் அவர்கள் காலிறுதியில் பெனால்டியில் தோற்றார்கள். நாமும் பார்க்கப் போயிருந்தோம். ஆட்டம் முடியவும் மஃரிப் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. பிள்ளைகள் பள்ளிவாசலுக்குள் சென்றபோது, அந்தக் கோல் காப்பாளன் அவர்களுடைய பைகளையும் பந்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் திண்ணையில் அமர்ந்திருந்தான். தொழுது வெளியே வந்தவர்கள் அவனையும் அழைத்துக்கொண்டு தேநீர்க் கடைக்கு நடந்தார்கள். தோற்ற ஆட்டத்தைப் பற்றி உரக்க வாதிட்டுக்கொண்டே போனார்கள்.

நம் பிள்ளைகளுக்கு உடல் வலிமையையும், வெற்றியில் பணிவையும், தோல்வியில் பொறுமையையும், உடன் ஆடுவோரைக் கைவிடாத குணத்தையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.