பதக்கத்துக்கு முந்தைய சல்லடை

சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாடில் பதக்கம் வாங்குவது நாம் நினைக்கிற அளவுக்கு அரிதல்ல. இப்போதுள்ள விதிப்படி, கலந்துகொள்ளும் மாணவர்களில் முதல் 8 சதவீதத்தினருக்குத் தங்கம், முதல் 25 சதவீதத்துக்குள் வருபவர்களில் மீதிப் பேருக்கு வெள்ளி, பாதிக் கூட்டம் வரைக்கும் வெண்கலம். வேதியியலிலும் உயிரியலிலும் கை இன்னும் தாராளம். பத்தில் சுமார் ஆறு பேர் பதக்கத்தோடு ஊர் திரும்புகிறார்கள். இரண்டு பேரில் ஒருவருக்குக் கிடைப்பதை ஏன் இத்தனை பெரிதாகக் கொண்டாடுகிறோம்? அந்த அரங்குக்குள் கால் வைப்பதுதான் கடினம் என்பதால். ஒலிம்பியாடின் கௌரவம் மேடையில் பிறப்பதில்லை. மேடைக்கு வரும் படிக்கட்டில் பிறக்கிறது. இந்தப் போட்டிகளின் வரலாற்றைப் பார்த்தாலும் அது பெரும்பாலும் படிக்கட்டு கட்டிய வரலாறாகவே இருக்கிறது.

தொடக்கத்தில் படிக்கட்டே கிடையாது. 1894-இல் இயற்பியலாளர் லோராண்ட் யோத்வோஷ் ஹங்கேரியின் கல்வி அமைச்சரானார். அதைச் சிறப்பிக்க அந்நாட்டுக் கணித, இயற்பியல் சங்கம், பள்ளி முடித்த மாணவர்களுக்கென ஒரு போட்டியைத் தொடங்கியது. மூன்றே கணக்குகள், ஒரே சுற்று. வென்றவர்களின் பட்டியலில் பின்னாளில் தியோடர் ஃபான் கார்மன், லியோ சிலார்ட், எட்வர்ட் டெல்லர் என்ற பெயர்கள் சேர்ந்தன. பள்ளிகள் குறைவு. ஒரு சல்லடையே போதுமாக இருந்தது. 1934-இல் லெனின்கிராடிலும் அடுத்த ஆண்டு மாஸ்கோவிலும் கணித ஒலிம்பியாட் தொடங்கியபோது ‘ஒலிம்பியாட்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. சோவியத் நாட்டின் பரப்புக்கு ஒரு சுற்று எப்படிப் போதும்? பள்ளி, மாவட்டம், மாகாணம், குடியரசு என்று அடுக்கி, அனைத்து ஒன்றியப் போட்டியை உச்சியில் வைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் புழங்கும் அடுக்குமுறைக்கு இதுவே அச்சு. 1959-இல் ருமேனியாவில் ஏழு நாடுகளோடு சர்வதேச கணித ஒலிம்பியாட் தொடங்கியது. 1967-இல் வார்சாவில் ஐந்து நாடுகள் இயற்பியலுக்குக் கூடின. 1968-இல் பிராகாவில் வேதியியலுக்குக் கூடியவை மூன்றே நாடுகள். ஆக, சர்வதேச மேடை பின்னால்தான் வந்தது. உள்நாட்டுப் படிகள் அதற்கு வெகு முன்பே இருந்தன.

இந்தியா 1989-இல் கணிதத்துக்கும் 1998-இல் இயற்பியலுக்கும் அணி அனுப்பத் தொடங்கியது. வேதியியலும் உயிரியலும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் சேர்ந்துகொண்டன. அறிவியல் பாடங்களுக்கு முதல் படி, இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பரில் நடத்தும் தேசியத் தரத் தேர்வு. பல பத்தாயிரம் பேர் எழுதும் அதிலிருந்து பாடத்துக்குச் சுமார் 300 பேர் இந்திய தேசிய ஒலிம்பியாடுக்குப் போகிறார்கள். அவர்களில் முப்பத்தைந்து பேர் அளவில் மும்பை மான்கூர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் முகாமுக்கு அழைக்கப்படுகிறார்கள். முடிவில் மிஞ்சும் அணி இயற்பியலுக்கு ஐந்து பேர், வேதியியலுக்கும் உயிரியலுக்கும் நான்கு நான்கு பேர். ஒவ்வொரு படியிலும் கேள்வியின் இயல்பே மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் படி கொள்குறி வினா, வேகம் கேட்கிறது. இரண்டாவதில் நீண்ட விடை எழுத வேண்டும். மூன்றாவதில் கை வேலை செய்தாக வேண்டும். ஒரே தேர்வைக் கடினமாக்கிக்கொண்டே போனால் இந்தத் தரம் கிடைக்காது.

‘இதுவும் ஒரு தேர்வுதானே, அறிவியல் எங்கே இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 2015-இல் மும்பையில் நடந்த இயற்பியல் ஒலிம்பியாடின் செய்முறைத் தாளைக் காட்டலாம். மேசைமேல் ஒரு லேசர், ஒரு குட்டிக் கம்பிச்சுருள், எதிரே ஒரு திரை. ஒளி சுருளில் பட்டால் திரையில் பெருக்கல் குறி போலப் புள்ளி வரிசைகள் விழும். அவற்றின் இடைவெளியையும் கோணத்தையும் அளந்து, சுருளின் ஆரம், புரி இடைவெளி, கம்பியின் தடிமன் மூன்றையும் சொல்ல வேண்டும். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வில் 1952-இல் எடுக்கப்பட்ட டி.என்.ஏ. எக்ஸ் கதிர்ப் படத்திலும் இதே பெருக்கல் குறிதான் இருந்தது. 50 மதிப்பெண்ணில் 20 இத்தகைய செய்முறைக்குப் போகிறது. மனப்பாடம் செய்தவன் அந்த மேசைமுன் என்ன செய்வான்?

இதைவிட வலுவான ஆட்சேபம் வேறு: படிக்கட்டு நகரத்துக் கோச்சிங் மையங்களின் வாசலில் இருந்துதான் தொடங்குகிறது என்பது. இதை மறுக்க முடியாது. தேர்வுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான், முகாம் செலவை ஹோமி பாபா மையமே ஏற்கிறது. ஆனாலும் அப்படி ஒரு தேர்வு இருப்பதே கிராமத்துப் பள்ளிக்குத் தெரிவதில்லை. ஒலிம்பியாடைக் கல்லூரி இடத்தோடு முடிச்சுப் போட்டால் இந்தக் கோணல் கூடும் என்ற பயமும் நியாயமானதே. சீனா ஒலிம்பியாடுக்கான கூடுதல் மதிப்பெண் சலுகையை 2015-இல் நீக்கியதற்கும் இப்படியான கவலையே காரணம். ஆனால் ஆயிரக்கணக்கானோர் எட்டும் படிக்குச் சலுகை தருவது வேறு, முப்பத்தைந்து பேர் எட்டும் படிக்குத் தருவது வேறு. சென்னை ஐ.ஐ.டி. 2025-26 கல்வியாண்டில் தொடங்கிய ஒலிம்பியாட் வழிச் சேர்க்கையில் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசை கிடையாது, பதக்கமும் கேட்பதில்லை. இறுதிக்கட்ட முகாம் வரை வந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். பாடப்பிரிவுக்கு இரண்டு இடங்கள், அதில் ஒன்று மாணவிகளுக்கு. எந்தப் படிக்கு மதிப்பு என்பதை அவர்கள் சரியாகப் பிடித்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கிடையில் ‘ஒலிம்பியாட்’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் பயிற்சிப் புத்தகம் விற்று, ரிப்பன் கட்டிய பதக்கம் கொடுக்கும் தனியார் தேர்வுகள் பள்ளிகளில் நடக்கின்றன. பிள்ளைகளுக்கு அது உற்சாகம்தான், குறை சொல்வதற்கில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை அப்படி ஒரு பதக்கத்தோடு வந்தால் பாராட்டுங்கள். பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும், நவம்பர் தேர்வுக்குப் பிள்ளையின் பள்ளியில் பெயர் கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கேட்டுவிடுவது நல்லது.