அரக்கு, டூக்கோ, தோதகத்தி: பரணில் கிடந்த ஒரு கிடாரின் கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், "தின்னர் வாசனை தலைவலிக்கிறது, எந்த வீடுன்னு பாருங்க" என்று ஒரு செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அது எங்கள் வீடுதான். அன்றைக்கே ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டுவிட்டேன். ஆனால் அந்த வாசனைக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சொல்ல வாட்ஸ்அப் போதாது. அதனால்தான் இந்த இதழில் நான்கு பக்கம் கேட்டு வாங்கினேன்.

என் அண்ணன் 1980களில் ஒரு மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிடார் வாசித்தவர். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, ஆலை ஆண்டு விழா என்று பொள்ளாச்சியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை போகாத மேடை இல்லை. அவருடைய கிடார் கொல்கத்தாவில் செய்தது. வெளிநாட்டுக் கிடாருக்கு இறக்குமதி வரி கட்டி வாங்க அன்றைக்கு யாரிடம் காசு இருந்தது? அண்ணன் இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார். கிடார் எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன் போனில் கேட்டான்: "சித்தப்பா, அந்தப் பெயிண்டை எல்லாம் தேய்ச்சு எடுத்துட்டு, கருப்புல பளபளன்னு அடிச்சு வெச்சிருங்க. தீபாவளிக்கு வந்து எடுத்துக்கறேன்."

எனக்கும் ஓய்வுபெற்ற கை சும்மா இருக்கவில்லை. ஒரு டப்பா தின்னர், பஞ்சு, உப்புத்தாள் நாலைந்து வாங்கிப் பால்கனியில் உட்கார்ந்தேன். தலைப்பகுதியின் பின்புறம் நான்கு விரல் அகலத்துக்குச் சுரண்டினேன். பஞ்சில் சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் உங்கள் செய்தி வந்தது. நிறுத்தினேன். நிறுத்திய கையோடு கிடாரைத் திருப்பிப் பார்த்தபோது மேல்விளிம்பில் ஓரிடம் கண்ணில் பட்டது. அண்ணனுடைய வலது முழங்கை முப்பது வருடம் உராய்ந்து, சிவப்பும் போய், அதற்கடியில் இருந்த வெள்ளையும் போய், மரம் வெளியே தெரிகிற ஒரு நீள்வட்டம். இதையும் தேய்த்துவிடத்தான் வேண்டுமா என்று அப்போது எழுந்த கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

முதலில் பஞ்சில் ஒட்டிய அந்தச் சிவப்பைப் பற்றி.

மரத்துக்குப் பளபளப்பு ஏற்றும் பூச்சுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று நம் நாட்டுச் சரக்கு: அரக்கு. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகை எல்லோருக்கும் தெரியும். அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதுதானே அந்தக் கதையின் முடிச்சு. புரசு, இலந்தை, குசும்பா மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. சுரண்டி, கழுவி, உருக்கி, தகடாக இழுத்து உடைத்தால் அவலரக்கு. அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிப்பொட்டலத்தில் நனைத்து வட்ட வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவதற்குப் பெயர் பிரெஞ்சு பாலிஷ். பெயர்தான் பிரெஞ்சு, பிசின் நம்முடையது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பியானோக்களும் கிடார்களும் இந்தப் பூச்சில்தான் மின்னின. கையால் செய்யும் உயர்ந்த கிளாசிக்கல் கிடார்களுக்கு இன்றைக்கும் அதுவே. லாக்கர் என்ற சொல்லே (வங்கி லாக்கர் அல்ல, பூச்சு லாக்கர்) லாக்ஷா என்ற வடசொல்லின் வழியில் போனது. 78 சுழற்சி இசைத்தட்டுகளும் அரக்கால் ஆனவைதான். 1942ல், போர்க்காலத்தில், அமெரிக்க அரசு இசைத்தட்டுக் கம்பெனிகளின் அரக்குப் பயன்பாட்டை வெட்டியது. ராஞ்சிக்கு அருகே நாம்குமில் 1924 முதல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

ஆனால் அரக்குக்கு இரண்டு பலவீனம். சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஸ்பிரிட் பட்டால் கரையும். அது மட்டுமல்ல, கையால் ஏற்ற நாள்கணக்கில் ஆகும். தொழிற்சாலைக்கு அது ஒத்துவராது.

இங்கேதான் நம்ம ஊர் ஒர்க்ஷாப் போர்டுகளுக்கு வருகிறோம். மதுக்கரை மெயின் ரோட்டிலிருந்து காந்திபுரம் வரை எத்தனை இடத்தில் "டிங்கரிங், டூக்கோ பெயிண்டிங்" என்று எழுதியிருக்கிறது! டூக்கோ என்றால் என்ன என்று நான் அறுபது வயது வரை யோசித்ததே இல்லை. அது அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 1923ல் வெளியிட்ட ஒரு பூச்சின் வணிகப் பெயர். அதற்கு முன்பு ஒரு காரின் உடலுக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷ் காய வாரக்கணக்கில் ஆகும். ஆலைக்குள் வண்டிகளை நிறுத்தி வைக்கவே இடம் போதாது. டூக்கோ மணிக்கணக்கில் காய்ந்தது. 1924ஆம் வருட ஓக்லண்ட் கார்கள் அந்தப் பூச்சின் நீல நிறத்தில் வந்து பெயர் வாங்கின.

டூக்கோவின் உள்ளே இருப்பது நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் நனைத்தால் கிடைப்பது. 1846ல் இதை உலகுக்கு அறிவித்த ஷோன்பைன் என்ற வேதியியலர், சமையலறையில் சிந்திய அமிலத்தை மனைவியின் பருத்தி ஏப்ரனால் துடைத்து அடுப்பருகே காயப்போட, அது "புஸ்" என்று மறைந்துபோனது என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, துப்பாக்கிப் பஞ்சு என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஊட்டி ரயிலில் குன்னூர் தாண்டியதும் அருவங்காடு நிறுத்தம் வருமே, அங்கே 1904 முதல் இருக்கும் கார்டைட் தொழிற்சாலையின் சரக்கிலும் முக்கியப் பொருள் இதே துப்பாக்கிப் பஞ்சுதான். பழைய சினிமாச் சுருள்களும் இதே வகை. நம் முதல் பேசும் படங்கள் பலவும் இன்று கிடைக்காமல் போனதற்கு அந்தச் சுருள்களின் நிலையாமையும் ஒரு காரணம். பீரங்கிக்கும் சினிமாவுக்கும் காருக்கும் கிடாருக்கும் ஒரே தாய் என்று தெரிந்தபோது, அந்த டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்து அறையில் சாமி விளக்கு எரிய விட்டிருந்ததை நினைத்து எனக்கு வியர்த்தது. உங்களில் யாராவது இப்படி வேலை செய்ய நினைத்தால், தயவுசெய்து பால்கனியில் வேண்டாம். சங்கத்தில் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போங்கள்.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் லியோ ஃபெண்டர் என்ற ரேடியோ மெக்கானிக் 1950ல் பலகையை வெட்டி எலெக்ட்ரிக் கிடார் செய்து விற்க ஆரம்பித்தார். 1954ல் அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. கிடாருக்கென்று தனிப் பெயிண்ட் அவர் தேடவில்லை. கார்க் கடையில் கிடைத்ததையே எடுத்துக்கொண்டார். 1956லேயே விலைப்பட்டியலில், 5 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால் விரும்பிய டூக்கோ நிறத்தில் அடித்துத் தரப்படும் என்று போட்டார்கள். இன்றைக்குக் கிடார்ப் பிரியர்கள் உருகும் ஃபியஸ்டா ரெட், ஃபோர்டு தண்டர்பேர்டின் நிறம். சோனிக் ப்ளூ, கெடிலாக்கின் நிறம். ஆக என் அண்ணன் கிடாரின் சிவப்பும் உக்கடத்தில் அம்பாசிடருக்கு அடித்த சிவப்பும் ஒரே வம்சம்.

இந்தப் பூச்சு மெல்லியது, வயதாவது கண்ணுக்குத் தெரியும். வெள்ளை மஞ்சளாகும். 1958 முதல் 1960 வரை வந்த கிப்சன் லெஸ் பால் கிடார்கள் பலவற்றில் ஓரச் சிவப்பு வெயிலில் வெளுத்து வெறும் தேன் நிறமாகிவிட்டது. வியர்வை பட்டால் உரியும். அயர்லாந்தின் ரோரி கேலகர் வாசித்த 1961ஆம் வருட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பூச்சு பாதிக்கு மேல் போய்விட்டது. ரப்பர் முட்டு வைத்த ஸ்டாண்டில் மாதக்கணக்கில் நிறுத்தினால் அந்த இடம் பிசுபிசுத்துப் போகும். இந்தத் தொல்லைகளால்தான் 1960களின் பிற்பாதியில் பல கம்பெனிகள் பாலியெஸ்டர், பாலியூரிதேனுக்கு மாறின. அவை கண்ணாடி போலக் கெட்டி. தின்னரைக் கண்டுகொள்ளாது. இன்றைக்கு உங்கள் பிள்ளைகளுக்கு வாங்கும் கிடார்கள் அநேகமாக இந்த வகைதான்.

உங்கள் வீட்டுக் கிடார் எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: கண்ணுக்குத் தெரியாத மூலையில், பஞ்சில் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலி.

வீட்டில் உட்கார்ந்து பூச்சை மாற்றியவர்கள் சரித்திரத்தில் நான் ஒருவனே அல்ல என்பது ஆறுதல். ஜார்ஜ் ஹாரிசன் 1967ல் தன் நீல ஸ்ட்ராட்டோகாஸ்டரை ஒளிரும் வண்ணங்களால் தானே வரைந்து தள்ளினார். தலைப்பகுதிக்கு மனைவி பேட்டியின் நகப்பூச்சு. (நகப்பூச்சும் நைட்ரோசெல்லுலோஸ்தான். தெரியாமலே சரியான பொருளை எடுத்திருக்கிறார்.) அடுத்த வருடம் ஜான் லெனன் தன் எபிஃபோன் கசினோவின் பூச்சை முழுக்க உரித்து வெறும் மரமாக்கினார், 1969 ஜனவரி 30 அன்று லண்டன் மொட்டை மாடியில் வாசித்தது அதைத்தான். பூச்சு போனால் மரம் மூச்சுவிடும், ஓசை கூடும் என்று அவர்கள் நம்பினார்கள். பலகைக் கிடாரில் அந்த நம்பிக்கைக்கு அவ்வளவு இடமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே சத்தத்தைப் பிடிப்பது காந்தச் சுருள், பெயிண்ட் அல்ல. எடி வான் ஹேலனோ மலிவு விலையில் வாங்கிய பழுதுள்ள பலகையில் டேப் ஒட்டிச் சைக்கிள் பெயிண்ட் அடித்துக் கோடு கோடாக ஆக்கினார். அந்தக் கோடுகளே அவர் அடையாளம்.

அதே சமயம் சந்தைக் கணக்கு வேறு. பழைய ஃபெண்டர், கிப்சனில் முதல் பூச்சை எடுத்துவிட்டால் விலை ஏறத்தாழப் பாதியாகும் என்பது அந்த வியாபாரத்தில் பொதுவான வாய்ப்பாடு. கொல்கத்தாக் கிடாருக்கு அந்தக் கவலை இல்லை, பாதியாக விலையே இல்லை. தஞ்சாவூர் வீணையை நினைத்துப் பாருங்கள். மெட்டுகள் உட்காரும் மெழுகு தேய்ந்தால் கைவினைஞர் வந்து முழுவதையும் எடுத்துப் புதிதாக மேளம் கட்டுவார். வீணையின் மதிப்பு குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே பழையது என்பதற்காக மட்டும் தொடக்கூடாது என்ற வாதமும் எனக்கு முழுசாக ஒப்பவில்லை.

விரல் ஓடும் பலகைக்கு வருவோம். கருஞ்சிவப்பாக, கோடு கோடாக இருக்கிறது. நமக்குத் தெரிந்த தச்சர் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தோதகத்திங்க" என்றார். ஈட்டி என்றும் சொல்வோம். நீலகிரி, ஆனைமலை, வயநாட்டுக் காடுகளின் மரம். அதுவரை பிரேசில் தோதகத்தியையே நம்பியிருந்த அமெரிக்கக் கிடார் ஆலைகள் 1960களில் இந்தியத் தோதகத்திக்குத் திரும்பின. ஃபெண்டர் அந்தப் பத்தாண்டின் நடுவில், மார்ட்டின் அதன் கடைசியில். இங்கிருந்து போன மரத்தின் மேல் உலகத்து விரல்கள் ஓடியிருக்கின்றன. பிறகு மரம் அருகியது. 1994ல் தமிழ்நாட்டில் தோதகத்தி மரங்களைக் காக்கத் தனிச் சட்டம் வந்தது. 2017 ஜனவரியில் உலக நாடுகளின் ஒப்பந்தம் தோதகத்திக் குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கிடார்களை எல்லை தாண்டி விற்கவே காகிதம் தேட வேண்டியதாயிற்று. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். மரத்தை நேரில் பார்க்க ஆசைப்பட்டால், ஆர்.எஸ். புரத்தில் 1902ல் திறந்த காஸ் வன அருங்காட்சியகத்தில் மர மாதிரிகள் உண்டு. இந்தப் பலகைக்கு லாக்கர் அடிக்கக்கூடாது. ஈரத்துணியால் அழுக்கை எடுத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்துவிட்டால் போதும்.

இதெல்லாம் படித்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் ஆடிக் காற்றும் வந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் மாடிக்கு வரும் அந்த ஈரக்காற்றில் என்.சி. லாக்கர் அடித்தால் வெள்ளைப் படலம் பூக்கும், தூசியும் ஒட்டும். கருப்பு அடிக்கும் யோசனை அதோடு தள்ளிப்போனது. சத்தியமாகச் சொன்னால், எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

செய்தது இவ்வளவுதான். கம்பிகளைக் கழற்றினேன். 2000 எண் தண்ணீர் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, முன்பக்கக் கீறல்களை மட்டும் மெதுவாகத் தடவினேன். விளிம்புகளைத் தொடவில்லை, அங்கேதான் பூச்சு மிக மெல்லியது. பிறகு கார் பெயிண்ட் கடை ரப்பிங் காம்பவுண்டை பழைய பருத்தி வேட்டித் துண்டில் எடுத்து வட்டமாகத் தேய்த்தேன். சிலிக்கான் கலந்த பாலிஷ் வேண்டாம் என்று கடைக்காரரே சொன்னார். நாளைக்கு யாராவது பெயிண்ட் அடிக்க நினைத்தால் அது ஒட்டாமல் மீன் கண் போலக் குழி குழியாக விலகும். இரண்டு மாலையில் சிவப்பு திரும்பி வந்தது.

நான் சுரண்டிய அந்த நான்கு விரல் இடத்துக்கு டவுன் ஹால் பக்கம் நூறு கிராம் அவலரக்கு வாங்கி, ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவைத்து, துணிப்பொட்டலத்தால் ஒரு வாரம் தினம் பத்துப் பத்துத் தடவையாக ஏற்றினேன். நிறம் பொருந்தவில்லை. கொஞ்சம் தேன் நிறமாக, தனியாகத் தெரிகிறது.

முழங்கை தேய்ந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. இப்போது கிடார் எங்கள் கூடத்துச் சுவரில், ரப்பருக்குப் பதில் துணி சுற்றிய கொக்கியில் தொங்குகிறது. பையனிடம் இன்னும் சொல்லவில்லை. தீபாவளிக்கு வருகிறான், கருப்பு எங்கே சித்தப்பா என்று கேட்பான். அந்த நீள்வட்டத்தில் அவன் கையை ஒருமுறை வைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அதற்குப் பிறகும் கருப்புதான் வேண்டும் என்றால், கிடார் அவனுடையது. காற்று நின்ற பிறகு மொட்டை மாடியில் அடித்துத் தருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை உங்களுக்கு முன்கூட்டியே குழுவில் சொல்லிவிடுவேன்.