இதயச் செயலிழப்புப் பராமரிப்பில் கைபேசிச் செய்தி: மறுமுனையில் இருப்பவரின் பங்கு

நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ளவர் வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை சிலவே. காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடுமுன் எடை பார்க்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். மாத்திரைகளை விட்டுவிடக் கூடாது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போன்றவற்றைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. இவற்றைக் குறுஞ்செய்தியில் நினைவூட்டி வந்தால் மருத்துவமனைச் சேர்க்கை குறையும் என்ற எதிர்பார்ப்பு பரவலாக உள்ளது. பெரிய ஆய்வுகளின் முடிவுகள் அதற்கு இடம் தரவில்லை. நோயாளியின் பதிலைப் படித்து உடனே சிகிச்சையை மாற்றக்கூடிய ஒருவர் மறுமுனையில் இருந்தால்தான் பலனை எதிர்பார்க்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரேசிலின் மெசேஜ்-ஹெச்எஃப் ஆய்வில் 699 பேர் பங்கேற்றனர். செய்தி பெற்ற பிரிவினருக்கு முதல் 30 நாள்கள் தினம் 4 குறுஞ்செய்திகள் போயின. அவர்களது சுயபராமரிப்பு மேம்பட்டது. ஆனால் இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி அளவில், 180 நாள் முடிவில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அமெரிக்காவின் டெலி-ஹெச்எஃப் ஆய்வில் (2010) 1653 பேர் சேர்க்கப்பட்டனர். கண்காணிப்புப் பிரிவினர் தினமும் தொலைபேசியில் தானியங்கிக் குரலின் கேள்விகளுக்குப் பதில் பதிய வேண்டும். 180 நாள்களுக்குள் மறுசேர்க்கை அல்லது மரணம் அவர்களில் 52.3 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 51.5 விழுக்காடு. கண்காணிப்புப் பிரிவில் சுமார் 14 விழுக்காட்டினர் ஒருமுறைகூட அழைக்கவில்லை.

ஜெர்மனியின் டிம்-ஹெச்எஃப்2 (2018) வேறு முடிவைத் தந்தது. எடை, ரத்த அழுத்தம், இசிஜி, ஆக்சிஜன் அளவு ஆகியவை தினமும் ஒரு மையத்துக்குச் சென்றன. அங்கே மருத்துவரும் செவிலியரும் 24 மணி நேரமும் பணியில் இருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் ஆண்டுக்கு 100 பேருக்கு 11.34 ஆக இருந்த இறப்பு, கண்காணிக்கப்பட்டோரில் 7.86 ஆக இருந்தது.

இந்த வேறுபாட்டின் காரணம் நோயின் போக்கிலேயே இருக்கிறது. மூச்சுத் திணறல் வருமுன்பே உடலில் நீர் சேரத் தொடங்கிவிடும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை ஏறுவது அதன் அறிகுறி. 61 கிலோ இருந்தவர் 63.4 என்று அனுப்புகிறார் என்று கொள்வோம். ‘மருத்துவரைப் பாருங்கள்’ என்று தானியங்கிப் பதில் வந்தால், அடுத்த வாரம் எப்படியும் போகத்தானே போகிறோம் என்று இருந்துவிடுவார். செவிலியர் அழைத்தால் கால் வீங்கியிருக்கிறதா, படுக்க எத்தனை தலையணை வேண்டியிருக்கிறது, வலி மாத்திரை போட்டாரா என்று கேட்பார். வலி மாத்திரையை நிறுத்துவது, நீர் மாத்திரையைக் கூட்டுவது, பொட்டாசியம் பார்க்கச் சொல்வது எல்லாம் மருத்துவரின் ஒப்புதலோடு அன்றே நடந்துவிடும்.

இதற்கு மறுப்பு உண்டு. டிம்-ஹெச்எஃப்2 குறுஞ்செய்தித் திட்டம் அல்ல, முந்தைய ஓராண்டில் மருத்துவமனையில் இருந்தவர்களையே அது சேர்த்தது, கருவிகளும் பல. டெலி-ஹெச்எஃப் பதில்களையும் மருத்துவப் பணியாளர்கள் பார்த்தார்கள். பிரேசில் திட்டத்திலும் பதிலை வைத்து நீர் மாத்திரையைச் சீராக்க வழி இருந்தது. ஆகவே முழுப் பலனையும் மறுமுனையில் இருப்பவர் கணக்கில் எழுத முடியாது. ஆயினும் பதில் வந்தால் மட்டும் போதாது, அதை எந்நேரமும் சிகிச்சையாக மாற்றும் ஏற்பாடு வேண்டும் என்ற முடிவை இம்மறுப்பு வலுப்படுத்தவே செய்கிறது.

எனவே இத்தகைய திட்டங்களை அனுப்பிய செய்திகளின் எண்ணிக்கையால் மதிப்பிடலாகாது. எச்சரிக்கை வந்ததிலிருந்து மருந்து மாறும் வரை எத்தனை மணி நேரம் ஆனது என்பதே அளவுகோலாக வேண்டும். செவிலியரை அமர்த்த நிதி இல்லாத திட்டம் நோயாளிக் கல்வி என்ற பெயரில் நடக்கட்டும். மருத்துவமனைச் சேர்க்கை குறையும் என்ற வாக்குறுதியை அது தர வேண்டாம்.