கைது ஒரு செய்தி, தீர்ப்பு இன்னொரு செய்தி: 'உள்நாட்டுத் தீவிரவாதம்' பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

2010 ஜூன் 12 அதிகாலை. விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே உள்ள பேரணி ரயில் நிலையம் அருகே தண்டவாளம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் உரிய நேரத்தில் நிறுத்தப்பட்டதால் பெரும் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ். அந்த இடத்தில் கிடைத்த துண்டுப் பிரசுரத்தில், அப்போதைய இலங்கை அதிபர் ராஜபக்சேவின் இந்திய வருகைக்குக் கண்டனம் தெரிவிக்கப்பட்டிருந்தது.

நம் மாவட்டத்தில், நாம் அன்றாடம் பயணம் செய்யும் பாதையில் நடந்த நாசவேலை இது. உள்நாட்டுத் தீவிரவாதம் என்ற சொல்லுக்கு இதைவிட நேரடியான உதாரணம் இந்தப் பகுதியில் இல்லை. ஆனால் அதற்காக, 'நீ தமிழன்தானே, இதைக் கண்டிக்கிறாயா?' என்று திண்டிவனம் பேருந்து நிலையத்தில் யாரையும் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. தமிழர் என்பதற்காக யாருக்கும் வாடகை வீடு மறுக்கப்படவில்லை. காவல்துறை சிலரைத் தேடியது, சிலரை விசாரித்தது. மக்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அதுதான் சரியான அணுகுமுறை. குற்றம் செய்தவர்களைத் தேட வேண்டுமே தவிர, அவர்களுடைய மொழியைப் பேசுபவர்களை எல்லாம் சந்தேகிக்கக் கூடாது.

பிறகு ஏன் வேறு சில சம்பவங்களில் மட்டும் ஒரு சமுதாயமே கூண்டில் ஏற்றப்படுகிறது?

அச்சம் எண்ணிக்கையைப் பார்த்து நடக்கிறது

விழுப்புரத்தில் தமிழர் பெரும்பான்மை. தன்னைப் போன்ற அண்டை வீட்டுக்காரரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அதே தமிழர் சிறுபான்மையாக வாழும் ஊரில் என்ன நடந்தது? 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள், பாதுகாப்புக் காரணம் என்று சொல்லப்பட்டு, பேருந்துகளில் ஏற்றி நகரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே இலங்கை உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதைத் தடுக்க வேண்டியிருந்தது. வெளியேற்றப்பட்டவர்கள் மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தமிழராக இருந்தது ஒன்றே சந்தேகத்திற்குப் போதுமானதாக இருந்தது.

12 ஆண்டுகள் கழித்து அதே நாட்டில் சந்தேகம் முஸ்லிம்கள் மீது திரும்பியது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தினத்தில் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 250-க்கும் மேற்பட்ட அப்பாவிகள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடூரத்திற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் அடுத்த மாதமே மினுவாங்கொடையிலும் குருணாகல் மாவட்டத்திலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மே 23 அன்று ஒரு நாளிதழ், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களுக்கு அவர்கள் அறியாமல் கருத்தடை செய்துவிட்டதாக முதல் பக்கத்தில் செய்தி வெளியிட்டது. குருணாகல் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ஷாபி சிஹாப்தீன் மறுநாள் கைது செய்யப்பட்டார். விசாரித்த குற்றப் புலனாய்வுத் துறை, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் தெரிவித்தது. அவருக்குப் பிணை கிடைத்தது, பின்னர் வேலையும் திரும்பக் கிடைத்தது. நிலுவையில் இருந்த சம்பளத்தை, மருந்துத் தட்டுப்பாடு நிலவிய நேரத்தில், மருந்து வாங்குவதற்காக அவர் சுகாதார அமைச்சிடமே கொடுத்துவிட்டார். முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இந்தக் கடைசிச் செய்தியைப் படித்திருப்பார்கள்?

முதல் நாள் முதல் பக்கம், கடைசி நாள் உள்பக்கம்

தீவிரவாத வழக்குகளில் ஊடகங்கள் செய்யும் பெரும் தவறு பொய் சொல்வது மட்டுமல்ல. தொடக்கத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டு முடிவை மெதுவாகச் சொல்வதும் தவறுதான். மூன்று வழக்குகளைப் பார்ப்போம்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கு: 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த படுகொலை. 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அதற்குள் அவர்களின் வாழ்வில் பல ஆண்டுகள் சிறையில் கழிந்துவிட்டன.

கோவை வழக்கு: 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தார்கள். அந்த வழக்கில் பலர் தண்டிக்கப்பட்டார்கள். கேரளத்தின் அப்துல் நாசர் மஅதனி 9 ஆண்டுகளுக்கும் மேலாக விசாரணைக் கைதியாகவே சிறையில் இருந்தார். 2007 ஆகஸ்ட் 1 அன்று சிறப்பு நீதிமன்றம் அந்த வழக்கிலிருந்து அவரை விடுதலை செய்தது.

டாக்டர் முஹம்மது ஹனீஃப் வழக்கு: பெங்களூரைச் சேர்ந்த இவர் 2007 ஜூலை 2 அன்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். கிளாஸ்கோ விமான நிலையத்தில் எரிந்த ஜீப்பில் அவருடைய சிம் கார்டு கிடைத்ததாக உலகம் முழுவதும் செய்தி பரவியது. உண்மையில் அது லிவர்பூலில், உறவினர் ஒருவரிடம் இருந்தது. அதே ஜூலை 27-ல் வழக்கு கைவிடப்பட்டது. 2010-ல் ஆஸ்திரேலிய அரசு அவருக்கு இழப்பீடு வழங்கியது.

இந்த அளவுகோலை நாமும் எல்லோருக்கும் பொதுவாக வைக்க வேண்டும். 2008 ஜனவரியில் தென்காசி ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்தபோது பலரின் சந்தேகம் முஸ்லிம்கள் மீதே விழுந்தது. காவல்துறை விசாரித்துக் கைது செய்ததோ இந்து முன்னணியைச் சேர்ந்தவர்களை. உண்மையை வெளியே கொண்டுவந்த விசாரணை பாராட்டுக்குரியது. ஆனால் கைது என்பது தீர்ப்பல்ல என்று நமக்காகக் கேட்கும் நாம், அவர்கள் விஷயத்திலும் அதையே சொல்ல வேண்டும். தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரிக்குமாறு சூரா அல்ஹுஜுராத்தின் 6-வது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. நமக்குப் பிடித்த செய்திக்கும் அந்தக் கட்டளை பொருந்தும்.

நாம் மறைக்கக் கூடாத உண்மை

ஊடகங்கள் மிகைப்படுத்துகின்றன என்பதால், ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. 1997 நவம்பர் இறுதியில் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும் நடந்தவை. அந்த வேதனையைக் காரணம் காட்டி, எந்தத் தொடர்பும் இல்லாத 58 பேரின் உயிரைப் பறித்ததை இஸ்லாம் ஏற்காது. அதன் விலையைக் கோவை முஸ்லிம்கள் பல ஆண்டுகள் கொடுத்தார்கள்.

இலங்கையில் ஸஹ்ரானைப் பற்றி முதலில் எச்சரித்தவர்களில் காத்தான்குடி முஸ்லிம்களும் உண்டு. 2017-லேயே அவர்கள் காவல்துறையிடம் புகார் கொடுத்திருந்தார்கள். இந்திய உளவுத்துறையும் தாக்குதலுக்கு முன்பே தகவல் தந்திருந்தது. அதிகாரிகள் செயல்படவில்லை. அப்போதைய அதிபர் சிறிசேனா உள்ளிட்டோர் பொறுப்பில் தவறினார்கள் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

2022 அக்டோபர் 23 அன்று கோவை கோட்டை சங்கமேஸ்வரர் கோயில் அருகே கார் வெடித்தபோது, அப்பகுதி ஜமாஅத் நிர்வாகிகள் சில நாட்களில் அந்தக் கோயிலுக்கே சென்று அங்கிருந்தவர்களைச் சந்தித்தார்கள். அச்சத்தைக் குறைக்க அது அறிக்கைகளைவிட அதிகம் உதவியிருக்கும்.

நம் பிள்ளைகள் விஷயத்தில் கவனம் தேவை. மகன் திடீரென்று பள்ளிவாசலையும் பழைய நண்பர்களையும் விட்டு விலகுகிறானா? தன்னோடு கருத்து வேறுபடும் முஸ்லிம்களையே காஃபிர் என்கிறானா? முகம் தெரியாதவர்களோடு ரகசியக் குழுக்களில் இரவெல்லாம் பேசுகிறானா? மார்க்கப் பற்று அதிகமாவது ஆபத்தல்ல. வெறுப்பும் ரகசியமும் சேர்ந்து வளர்வதுதான் ஆபத்து. அதட்டி விரட்டாமல் உட்கார வைத்துப் பேசுங்கள். ஊர் ஆலிமையும் அவன் மதிக்கும் பெரியவர் ஒருவரையும் துணைக்கு அழையுங்கள். வன்முறைக்கான திட்டம் இருப்பது தெரிந்தால் காவல்துறையிடம் சொல்வது கடமை.

செய்தி வரும்போது, விசாரணை வரும்போது

1. விசாரணைக்கு அழைக்கப்பட்டவர், கைதானவர், குற்றம் சாட்டப்பட்டவர், தண்டிக்கப்பட்டவர் - இவர்கள் நான்கும் வேறு வேறு நிலைகளில் இருப்பவர்கள். செய்தி எந்த நிலையைச் சொல்கிறது என்று பாருங்கள். 'என்று கூறப்படுகிறது' என்றால் யார் கூறியது என்று கேளுங்கள்.

2. பெயர், படம், முகவரி உள்ள வாட்ஸ்அப் தகவலை யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தப் பெயரில் இன்னொரு அப்பாவியும் இருக்கலாம்.

3. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்தினருக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்பின் 22-வது பிரிவும், 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறைகளும் இதற்கு ஆதாரம். ஊபா சட்டத்தில் குற்றப்பத்திரிகைக்கான காலத்தை 180 நாட்கள் வரை நீட்டிக்கலாம், ஜாமீனும் கடினம். எனவே முதல் நாளே வழக்கறிஞரை நாடுங்கள். வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச சட்ட உதவி எண் 15100.

4. தவறான செய்தி வந்தால் திட்டிப் பதிவு போடுவதோடு நிற்காதீர்கள். நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். பலன் இல்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். தொலைக்காட்சி என்றால் முதலில் அந்தச் சேனலுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். செய்தியின் நகலையும் தேதியையும் பத்திரப்படுத்துங்கள்.

5. வழக்கு முடியும் வரை கைதானவரின் குடும்பத்தை ஒதுக்காதீர்கள். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் எந்த வழக்கிலும் குற்றவாளிகள் அல்ல. அவர்களுக்குப் பள்ளிக் கட்டணமும் ரேஷன் அரிசியும் தடையின்றிக் கிடைக்கிறதா என்று மஹல்லா ஜமாஅத் கேட்டறிய வேண்டும்.

விடுதலைச் செய்தி வரும் நாளில் அதையும் பகிருங்கள். கைதுச் செய்தி போன அதே குழுக்களுக்கு, நம் முஸ்லிம் அல்லாத நண்பர்களுக்கும் சேர்த்து, அந்தத் தீர்ப்பையும் அனுப்புங்கள். ஊடகம் உள்பக்கத்தில் போட்டதை முன்பக்கத்திற்குக் கொண்டுவர இன்று நம் கையில் இருக்கும் வழி அதுதான்.