டாப் லிங்க்

டிராக்டரில் கலப்பை மாட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இடது கீழ்க்கை, அடுத்து வலது கீழ்க்கை, கடைசியில் மேலே டாப் லிங்க். வலது கையை ஏற்றி இறக்கக் கைப்பிடி இருக்கிறது. இடதுக்கு அது கிடையாது. அதனால் அசையாததை முதலில் மாட்டி, அசைவதை அதற்கு இணங்கச் செய்கிறோம். பட்டுக்கோட்டைப் பக்கம் முப்பது வருடமாக இதுதான் என் பிழைப்பு. அந்த மூன்றாவது பின்னைச் செருகும்போதெல்லாம் ஓர் அயர்லாந்துக்காரரை நினைத்துக்கொள்வேன்.

தாத்தா ஏர் பூட்டும்போது ஏர்க்காலை நுகத்தடியோடு கட்டும் இடத்தில்தான் அதிக நேரம் நிற்பார். கட்டு முன்னே பின்னே நகர்ந்தால் உழவின் ஆழம் மாறிவிடும். எஞ்சின் வந்ததும் இந்தக் கட்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மாடு இருந்த இடத்தில் வண்டியை நிறுத்திக் கலப்பையைப் பின்னால் கோர்த்து இழுத்தார்கள். ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் 1917-ல் வந்தது அப்படித்தான். கொழு பாறையில் சிக்கினால் பின்சக்கரம் நின்றுவிடும், ஆனால் எஞ்சின் நிற்காது. சுழல வழியில்லாத விசை வண்டியையே அச்சைச் சுற்றித் தூக்கி, ஓட்டுபவர் மேல் கவிழ்க்கும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சித்தப்பா ஒரு தென்னந்தூரைப் பிடுங்க அச்சுக்கு மேலே சங்கிலி கட்டி இழுத்தார். கண் மூடித் திறப்பதற்குள் முன்சக்கரம் இரண்டும் வானத்தைப் பார்த்தன. குதித்ததால் உயிர் மிஞ்சியது, இடது கால் மிஞ்சவில்லை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

நான் நினைத்துக்கொள்ளும் அந்த அயர்லாந்துக்காரர், ஹாரி ஃபெர்குசன், 1884-ல் டவுன் மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1909-ன் கடைசி நாளில், தானே செய்த விமானத்தில் அயர்லாந்தில் முதன்முதலாகப் பறந்தவரும் அவரே. முதல் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, டிராக்டர் உழவைச் சீராக்கும் வேலையை அரசு அவரிடம் கொடுத்தது. வயல் வயலாகப் போய்ப் பார்த்தவர், கோளாறு இணைப்பில் இருப்பதைக் கண்டுகொண்டார். அப்போது ஃபோர்டின் மாடல் டி காரையே டிராக்டராக மாற்றும் ஈரோஸ் என்ற வண்டி விற்பனையில் இருந்தது. 1917-ல் தன் மெக்கானிக் வில்லி சாண்ட்ஸோடு சேர்ந்து அதற்கொரு கலப்பை செய்தார். இழுக்கும் இடத்தை வண்டியின் வயிற்றுக்கடியில், பின்னச்சுக்கு முன்னால் வைத்தார். இழுக்க இழுக்க முன்சக்கரமும் தரையில் அழுந்தியது.

அங்கிருந்து மூன்று புள்ளி இணைப்புக்கு வர ஏறக்குறைய இருபது வருடம் பிடித்தது. கீழ்க்கைகள் இரண்டும் கலப்பையை இழுக்கும். கலப்பையோ முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். அந்தத் தள்ளலை டாப் லிங்க் வாங்கி வண்டிக்குள் செலுத்தி முன்சக்கரத்தை மண்ணோடு பிடித்து வைக்கும். அதே தள்ளல் ஒரு ஸ்பிரிங்கை அமுக்கும். மண் இறுகினால் ஹைட்ராலிக் கலப்பையைத் தானாகச் சற்றுத் தூக்கும். தாத்தா கயிற்றில் செய்த வேலையை இந்த ஸ்பிரிங் நொடிக்கு நொடி செய்கிறது. இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு உழவில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1938 அக்டோபரில் ஹென்றி ஃபோர்டின் டியர்பார்ன் வீட்டு நிலத்தில் ஃபெர்குசன் உழுது காட்டிவிட்டு, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை டிராக்டரை மேசையில் வைத்து விளக்கினார். ஃபோர்டு கைகுலுக்கி ஒப்புக்கொண்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டே அந்த இணைப்போடு ஃபோர்டின் 9என் டிராக்டர் வெளிவந்தது. ஃபோர்டுக்குப் பின் வந்தவர்கள் அந்தக் கைகுலுக்கலை முறித்துக்கொள்ள, விவகாரம் நீதிமன்றம் போய் 1952-ல் 92.5 லட்சம் டாலரில் முடிந்தது. அதற்குள் கோவென்ட்ரியில் ஃபெர்குசனுடைய சாம்பல் நிற டிஇ20 டிராக்டர் லட்சக்கணக்கில் உருவாகிக்கொண்டிருந்தது. 1953-ல் நிறுவனத்தை மாசி-ஹாரிஸோடு இணைத்தார்.

1960-ல் அவர் இறந்தார். அதே ஆண்டு சென்னையில் டாஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கியது. மாசி ஃபெர்குசன் என்ற பெயர் எங்கள் வயல்களில் இறங்கியது அதன் வழியாகத்தான்.

போன வாரம் ஒரு பையன் டாப் லிங்க் பின் தொலைந்துவிட்டதென்று கட்டடக் கம்பியை வளைத்துச் செருகி வந்திருந்தான். கம்பியை உருவி வீசினேன். புதுப் பின் போட்டுப் பூட்டு மாட்டினேன். "எவ்வளவுண்ணே?" என்றான். சித்தப்பா பட்டறைத் திண்ணையில் கட்டைக்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காசு வேண்டாம், போய் உழு என்றேன்.